வண்டலூரில் பிறந்த ஸ்போர்ட்ஸ் ரத்தம்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், பெருங்களத்தூர் ஓரமாக இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலையில் 1961 முதல் சுமார் பத்தாண்டுகள் தயாரான சிறிய கார். நான்கு சிலிண்டர், 948 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பின்சக்கர இழுவை. எடை 800 கிலோவை ஒட்டி. நெடுங்காலம் இரண்டே கதவுகளோடு வந்தது. கடைசி ஆண்டுகளில்தான் நான்கு கதவு கிடைத்தது. விவரங்களை மட்டும் பார்த்தால் குடும்ப கார்தான். ஆனால் இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்து 1980 வரை விற்ற டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸி வடிவத்தைச் சுருக்கித்தான் செய்யப்பட்டது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஹெரால்டில் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83. முன் சஸ்பென்ஷன், பின் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சினின் அடிப்படை எல்லாம் ஒரே குடும்பம். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவரும் ஒருவரே, இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலொட்டி.

வெளிநாட்டு கார் இறக்குமதி கிட்டத்தட்ட அடைபட்டிருந்த காலத்தில், சாதாரண வீட்டுப் பையனின் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஸ்போர்ட்ஸ் ரத்தம் இதுதான். மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். ஸ்டாண்டர்ட் ஆலை மூடப்பட்டது 1988-இல். அந்த இரண்டுக்கும் பிறகு ஹெரால்டை வாங்க ஆளில்லாமல் போனது. வேப்பமரத்தடியிலும் மாட்டுத் தொழுவத்துச் சுவரோரத்திலும் நின்று, இரும்பு விலைக்குப் போனவை ஏராளம். மிஞ்சியவற்றில் ஒன்றை எடுத்து ஓடவைப்பது, பதினாறு பதினேழு வயதில் தொடங்கக்கூடிய வேலையா? தொடங்கலாம். அதற்குக் காரணம் அந்த காரின் பிறப்பிலேயே இருக்கிறது.

போல்ட்டால் கட்டிய கார்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் நிறுவனம் தன் கார்களுக்கு முழு பாடியையும் வெளியில் ஒரு நிறுவனத்திடம் வாங்கிவந்தது. 1953-இல் அந்த பாடி நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. உலகமே சேஸியும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த மோனோகாக் அமைப்புக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டருக்கு அப்படி ஒன்றை அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. எனவே பழைய வழிக்கே திரும்பினார்கள். கீழே தனி சேஸி. அதன்மேல் வெவ்வேறு இடங்களில் அடித்து வரும் சிறு சிறு தகட்டுப் பகுதிகள். அவற்றை இணைக்க போல்ட். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹெரால்டை அறிமுகம் செய்தபோது, மேடையிலேயே சில நிமிடங்களில் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்கள்.

அன்றைக்கு நெருக்கடிக்குச் செய்த அந்த ஏற்பாடு, அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு பள்ளி மாணவனுக்குப் பெரிய கொடையாக நிற்கிறது. ஹெரால்டின் கூரை தனியாகக் கழலும். எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவே நிற்கும் தடுப்புப் பகுதி தனியாகக் கழலும். பின்பக்கத் தொட்டி தனி. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகடு, மற்ற கார்களில் வண்டியின் பாரத்தையே தாங்கும் உறுப்பு. ஹெரால்டில் அது போல்ட்டில் நிற்கும் வெறும் மூடி. வெல்டிங் மிஷினைத் தொடாமலே இந்த காரைப் பாதி பிரித்துவிடலாம்.

பானெட் இன்னும் அருமை. முன்பக்கம் முழுவதும், இரண்டு மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்த்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். சாய்த்துவிட்டால் எஞ்சின், கார்புரேட்டர், ஸ்டீயரிங் ராக், முன் சஸ்பென்ஷன் அனைத்தும் திறந்த வெளியில் கிடக்கும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே பிளக் கழற்றலாம். அம்பாசடரிலோ ஃபியட்டிலோ இந்த வசதி கிடையாது. எது எதை அசைக்கிறது, எது எங்கே போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ள முடிகிற வண்டி இது. மோட்டார் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது கடினம்.

சென்னையில் இந்தக் கதை 1948-இல் தொடங்குகிறது. யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனமும் சேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தன. முதலில் வேன்கார்டு, பிறகு சிறிய ஸ்டாண்டர்ட் கார்கள், 1961-இல் ஹெரால்ட். ஆலை ஓடிய காலம் முழுவதும் அந்த இடம் செங்கல்பட்டு மாவட்டம்தான். இடையில் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போய், 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டுக்கே வந்தது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அடுத்து ஹெரால்ட் எப்போதும் மூன்றாமிடம். பின்சீட்டுக்கு முன்சீட்டை மடித்துத்தான் ஏறவேண்டும் என்பது சேலை கட்டியவர்களும் முதியவர்களும் உள்ள குடும்பங்களுக்கு ஒத்துவரவில்லை. நான்கு கதவு வந்தபோது காலம் கடந்திருந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த கெஸல் 1972 முதல் 1977 வரை சிறு எண்ணிக்கையில் தயாரானது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 மூன்றாண்டு நின்றது. அத்தோடு கதவடைப்பு. இன்று ஆலை இருந்த நிலத்தில் அடுக்குமாடிகளும் ஐ.டி. கட்டடங்களும். அதே சாலையில் மறைமலை நகரும் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியும் தாண்டிச் செல்கிறவர்களில் எத்தனை பேருக்கு, இந்தப் பகுதியின் கார் கதை இங்கேதான் ஆரம்பித்தது என்று தெரியும்?

துருதான் விலை

பழைய ஹெரால்ட் வாங்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. எஞ்சினைச் சரிசெய்ய வழி உண்டு. செலவும் கணக்குக்குள் வரும். முதல் கேள்வி, வண்டி இத்தனை நாள் எந்த ஊரில் நின்றது என்பதே.

செங்கல்பட்டு நகரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் துரு கணக்கில் இரண்டும் வேறு வேறு உலகம். கடல் அலை உடையும்போது எழும் உப்புத் துளிகள் காற்றில் கரை நோக்கி வருகின்றன. கரையை விட்டு உள்ளே போகப் போக அவை வேகமாகக் குறைந்துவிடும். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற ஊர்களில் கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கம்பிக்கு என்ன நேர்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேளம்பாக்கத்தில் உப்பளமே இருக்கிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகும். இந்தக் கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டும். மழையே பெய்யாத மாதத்திலும் சேஸி இடுக்கில் படிந்த உப்பு இரவெல்லாம் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனையும். இரும்புக்கு இதைவிடக் கொடுமை இல்லை.

ஹெரால்டின் சேஸியில் நடுவில் நெருங்கி ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள் உண்டு. அவற்றிலிருந்து மீன் முள்போலப் பக்கவாட்டில் கைகள் கிளம்பும். பாடி உட்காருவது அந்தக் கைகளின் நுனியில். முதலில் அரிப்பது அந்த நுனிகள். திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். அரித்தது அட்டைபோலச் சப்தம் தரும். சந்தேகம் இருக்கும் இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்த வேண்டும். விற்பவர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்து, உள்ளே பட்டி போட்டு நிரப்பிய வண்டியைவிட, வெளிறிப்போய்க் குப்பை மூடிக் கிடக்கும் உள்ளூர் வண்டி எவ்வளவோ மேல். காந்தத் துண்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்: பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாது.

பக்கக் கைகள் அரித்திருந்தால் மாற்றலாம். டிங்கர் வேலை தெரிந்தவர் தகடு மடித்துச் செய்துவிடுவார். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி எடுக்கக்கூடாது. ஒன்றை வெட்டி, புதியதை வைத்து, அளந்து, வெல்டிங் முடித்த பிறகே அடுத்தது. கதவுகள் மாட்டியபடியே இருக்க வேண்டும். கதவு இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா என்பதுதான் சேஸி நேராக இருக்கிறது என்பதற்குக் கண்முன் உள்ள அத்தாட்சி. நடுச்சட்டங்களே ஓட்டையாகியிருந்தால், முதல் வண்டியாக அதை எடுக்க வேண்டாம்.

இந்தத் தனி சேஸியை நம்பித்தான் இங்கிலாந்தில் எழுபதுகளில் இளைஞர்கள் ஓட்டையான ஹெரால்டுகளை வாங்கினார்கள். அரித்த பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல சேஸிமேல் ஃபைபர் பாடி பூட்டி, தங்களுக்கென ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொண்டார்கள். இந்தியாவில் அது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. கூரை போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றிவிட்டால் ஸ்பிட்ஃபயர் மாதிரி ஆகிவிடும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அதைச் செய்யாமல் விடுவதே நல்லது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; முழுசாக மிஞ்சியிருக்கும் வண்டலூர் ஹெரால்டுகளே கொஞ்சம்.

கழற்றும் முன் ஸ்பேனர்

ஹெரால்டின் நட்டு போல்ட்டெல்லாம் அங்குல அளவு. இது தெரியாமல் வீட்டிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருகி, தலை மழுங்கிப்போன போல்ட்டோடு நிற்பதுதான் பெரும்பாலோரின் முதல் வாரம். அரை அங்குல ஸ்பேனர் கேட்கும் நட்டின் உண்மையான அளவு 12.7 மில்லிமீட்டர். அதில் 13 நுழையும், ஆடும், அறுபது வருடத் துருவோடு மல்லுக்கட்டும்போது மூலைகளை வழித்துவிடும். 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் ரிங் ஸ்பேனராக இருந்தால் முக்கால்வாசி கார் கழன்று வரும். சென்னை புதுப்பேட்டையில் பழைய கருவிகளுக்கு நடுவே தேடினால் நல்ல ஸ்பேனர் கிடைக்கும். முந்தின நாளே டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டு ஊறவைத்துவிட்டு, மறுநாள் முதலில் கால் சுற்று இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். அவசரம் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் ஒரு படம். அதன் போல்ட்டுகளைத் தனிப் பையில் போட்டு மேலே பெயர். ஆறு மாதம் கழித்து ஞாபகம் கைவிடும், படம் கைவிடாது.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது உயிரோடு விளையாடுவது. கனமான ஸ்டாண்டு நான்கு வாங்கிய பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் துடைக்கும் பழக்கம் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதை மட்டும் கற்றுக்கொள்ளக்கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும், முகத்தில் மாஸ்க் வேண்டும். பெட்ரோல் டாங்க்கில் ஓட்டை என்றால் அதை வெல்டிங்குக்கு வீட்டில் கொடுக்க வேண்டாம். காலி டாங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். அது அனுபவமுள்ள பட்டறையின் வேலை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வயதில் கையில் கிரீஸோடு நிற்பது எல்லாருக்கும் பொழுதுபோக்காக வாய்த்ததில்லை. தமிழ்நாட்டின் திறமையான மெக்கானிக்குகளில் பலர், பள்ளிக்குப் போகும் வயதில் வீட்டு நிலைமையால் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர்கள். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பது இன்று குற்றம். இந்தத் தொழிலை முறையாகக் கற்க வழியும் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறினால் போதும். ஹெரால்டைப் பிரிக்கத் தொடங்கும் மாணவன் தெரு முனைப் பட்டறை மாஸ்டரிடம் போய் நிற்காமல் இருக்க முடியாது. அப்படி நிற்கும்போது அவர் எப்படிக் கற்றார் என்று தெரிந்து, அதற்குரிய மரியாதையோடு நிற்க வேண்டும்.

நிறுத்தக் கற்றபின் ஓட்டம்

வேலை வரிசையில் பிரேக் முதலில். ஹெரால்டில் பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். பிரேக் ஃபுளூயிட் ஈரத்தை இழுக்கும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டரின் உட்சுவரைக் குழி குழியாக அரித்திருக்கும். ரப்பர் கிட்டை மட்டும் மாற்றிச் சமாளிப்பது தவறு. சிலிண்டர் வழவழப்பாக இல்லையென்றால் சிலிண்டரே மாற வேண்டும். ரப்பர் ஹோஸ்கள் எப்படித் தெரிந்தாலும் புதியவை.

அடுத்தது முன்சக்கரம் திரும்பும் இடம். ஹெரால்டின் முழு ரகசியமும் இங்கே இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற பித்தளை நிற உலோகத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை அந்தத் துண்டுக்குள் சற்றே சுழன்று திரும்பும். இந்த இடத்துக்குத் தயாரிப்பாளர் சொன்னது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். ஆனால் பார்ப்பதற்குக் கிரீஸ் அடிக்கும் இடம்போலவே இருக்கும். கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், அது மரையின் அடிவரை இறங்காமல் வாயிலேயே இறுகிவிடும். அடியில் தண்ணீர் நிற்கும், தண்டு அரிக்கும். ஒரு நாள் வளைவில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த வண்டியின் வாழ்க்கையே தெரியும். நல்ல தண்டின் மரை கத்திமுனைபோல் வரிவரியாக, எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். கெட்டது, காய்ந்த கிரீஸ் கருத்துப் பிசுபிசுத்து, வழித்துவிட்டால் உள்ளே செம்மண் நிறத்தில் பொரிந்திருக்கும். அப்படிப்பட்டதைத் திரும்ப மாட்டக்கூடாது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் கார்களுக்கு இன்றும் புதிய பாகங்கள் செய்து விற்கிறார்கள். ஸ்பிட்ஃபயருக்குக் கேட்கும் கிராக்கியால் ஹெரால்டுக்கும் உதிரிபாகம் உயிரோடு இருக்கிறது. சொந்தக்காரர் வழியில் கிடைக்கும் உதவி இது. மற்றவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் உண்டு. பாயிண்ட், கண்டென்சர், டைனமோ போன்ற மின்சாமான்களுக்கு 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், பிரேக் பாகங்களுக்கு 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா என்று சென்னையின் பாடி பகுதியைச் சுற்றி ஒரு தொழில் உலகமே அந்தக் காலத்தில் எழுந்தது. ஹெரால்ட் மறைந்தாலும் அந்த வட்டாரம் மறையவில்லை.

எஞ்சினை எழுப்புவதற்குப் பொறுமை ஒன்றே மருந்து. வருடக்கணக்காக நின்றதை பேட்டரி வைத்து உடனே சுழற்றக்கூடாது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் விட்டுவைத்து, பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். சுற்றினால் பாதி கிணறு தாண்டியாயிற்று. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் கிராங்க் புல்லியைக் கவனிக்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே நகர்ந்தால் உள்ளே திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் அது. கவனிக்காமல் ஓட்டினால் வாஷர் சம்ப்பில் விழுந்து, கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து வீணாகும்.

ஹெட்டைக் கழற்றினால் வால்வு வேலை. பதினாறு வயதுக் கைகளுக்கு மிகவும் ஏற்ற வேலை இதுதான். வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, அதன் இருக்கையில் வைத்து, ரப்பர் கிண்ணம் பொருத்திய குச்சியால் பிடித்து, மோர் கடையும் மத்துபோல இரு உள்ளங்கைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். தேயத் தேய அது மெலிந்து, பட்டுத் துணியைத் தேய்ப்பதுபோல ஆகும். அப்போது தூக்கித் துடைத்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம் ஒன்று தெரியும். அது சரியா என்று சோதிக்க மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் போதும். ஒரு மணி நேரம் கழித்தும் கசியவில்லையென்றால் வால்வு உட்கார்ந்துவிட்டது. எட்டு வால்வு. ஒரு நாளைக்கு இரண்டு செய்தால் நான்கு நாள்.

ஒரு எச்சரிக்கை உண்டு. ஹெரால்ட் பிறந்தது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில். அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையைத் தேயாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோல்தான். ஹெட் கழன்றிருக்கும்போதே லேத் பட்டறையில் கடினமான இருக்கை வளையம் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயை உப்பவைத்து உரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எனவே டாங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாயும் எத்தனால் தாங்கும் வகையாக மாற வேண்டும். கடற்கரையில் மாதக்கணக்கில் டாங்க்கில் பெட்ரோலை நிறுத்தி வைப்பது நல்லதில்லை.

மின்கம்பிகளில் பழையதை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம். எலி கடித்ததும் உறை உதிர்ந்ததும் சேர்ந்து தீயில் முடியும். பெயின்ட் கடைசி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் அடித்தால், காற்றின் ஈரம் காயும் பூச்சில் சிக்கி மேற்பரப்பு பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும். பங்குனி, சித்திரை வரை காத்திருப்பது மேல். பரீட்சையும் அதற்குள் முடிந்திருக்கும். உண்மையில் பள்ளி மாணவன் கையில் இது இரண்டு கோடை விடுமுறைக்குக் குறைந்த வேலை அல்ல.

தாளும் சாலையும்

ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது. சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு வழியாக 31. சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறிப் புதுப்பிக்க வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல அமைப்பு மாறாமல் இருக்கும் வண்டி ‘வின்டேஜ்’ வாகனம். ஹெரால்டுகள் எல்லாமே இந்த வரம்பைத் தாண்டிவிட்டன. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே உள்ள பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பெறுவோருக்கு ‘விஏ’ எழுத்து கொண்ட எண். ஆனால் வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு முன் அந்த காரைச் சாலையில் ஓட்டுவது எந்த நிலையிலும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு இதில் மிகக் கடுமையானது. சிறார் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இரண்டு கோடை உழைத்தவனுக்கு இது வலிக்கும்தான். மாஸ்டரோ தகப்பனாரோ ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் வேலையின் பகுதிதான்.

லைசென்ஸ் எடுத்தபின்னும் ஹெரால்டை இன்றைய கார்போல ஓட்ட முடியாது. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே அசையும் அச்சுகள். குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால், வண்டியின் பின்பகுதி எழும்பி வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். பின்புறம் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்பிட்ஃபயரில் 1970-இல்தான் இதற்கு நல்ல தீர்வு கண்டார்கள். வண்டலூரில் கெஸலுக்கு வழக்கமான ஒற்றை அச்சையே வைத்துவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளைவுகளில் வேகத்தை நுழையும் முன்பே குறைத்து, பிறகு சீராக ஆக்சிலரேட்டரை மிதித்தபடி வெளியேற வேண்டும். அப்படி ஓட்டினால், 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் அந்த லேசான ஸ்டீயரிங் தரும் மகிழ்ச்சிக்கு இணை கிடையாது. வேகத்தின் மேல் ஆசை இருப்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்தது அது.

ஆலையில் ஹெரால்டைப் பூட்டியவர்களில், 1970-இல் இருபது வயதில் இருந்தவருக்கே இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் விசாரித்தால் அப்படிப்பட்ட ஒருவர் இன்னும் கிடைக்கலாம். கதவு இடுக்கை எந்தக் கணக்கில் வைத்தார்கள், எந்த போல்ட்டை எந்த வரிசையில் இறுக்கினார்கள் என்பது இங்கிலாந்துக் கையேட்டில் பாதிதான் இருக்கிறது. மீதியைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய வேலை, வால்வு தேய்ப்பதைவிட அவசரமானது.

முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக முறைப்படி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். டிரன்னியனுக்குக் கியர் ஆயில், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும். மாமல்லபுரம் போய்வந்த அன்றே வண்டியின் அடிப்பக்கத்தையும் மட்கார்டு உட்புறத்தையும் சேஸியின் பக்கக் கைகளையும் கழுவிவிட வேண்டும். கழுவும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. கடலோர ஊர்களில் போர் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசியதாகும். குடிக்கிற தண்ணீர் இரண்டு குடம் போதும்.